மருத்துவரின் நலமும் டியூட்டி பட்டியலும்

மருத்துவத் தொழிலில் வேலை நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடுவதில்லை. ஓ.பி. மூடிய பிறகும், காலையில் வார்டில் சேர்ந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு மாலையில்தான் வரும். அதைப் பார்த்து மருந்தை மாற்ற ஒருவர் வேண்டும். பிரசவ வலி நள்ளிரவில் எடுக்கும். விபத்தில் அடிபட்டவர் பண்டிகை நாளிலும் வருவார். இந்த இயல்பை எந்தச் சீர்திருத்தமும் மாற்ற முடியாது. ஓயாத அந்த வேலையை எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த முறையில் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் மாற்ற முடியும். மருத்துவர்களின் தூக்கம், குடும்ப வாழ்க்கை, மனநிலை பற்றிக் கடந்த 50 ஆண்டுகளில் சேர்ந்துள்ள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், தனிமனிதரின் மனஉறுதியைவிட இந்தப் பங்கீடே அவற்றை அதிகம் தீர்மானிக்கிறது என்பது தெளிவாகிறது.

சோர்வை அளந்த விதம்

ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தொண்டாற்றியவர். மிகுந்த ஆர்வத்தோடு அங்கே வந்து சேர்ந்தவர்களே காலப்போக்கில் எரிச்சலும் தூக்கமின்மையும் வெறுப்பும் கொண்டவர்களாக மாறுவதை அவர் கவனித்தார். 1974-இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் பர்ன்அவுட் என்ற பெயரை அவர் பயன்படுத்தினார். பணிச்சோர்வு என்று தமிழில் வழங்கும் இந்த நிலையை அளக்கும் கருவி 1981-இல் வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 22 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார். அது மூன்று கூறுகளைத் தனித்தனியே அளக்கிறது. முதலாவது, மனம் வற்றிப்போன களைப்பு. இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமல் ஒரு பொருளாகப் பார்க்கும் விலகல். மூன்றாவது, தான் செய்யும் வேலையால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம்.

இந்த மூன்றில் இரண்டாவதுதான் நோயாளியை நேரடியாகப் பாதிக்கிறது. நோயாளியின் பெயர் மறந்து, '12-ஆம் பெட்' என்ற எண் மட்டும் மனத்தில் நிற்கத் தொடங்கும்போது கேள்விகள் குறைகின்றன, தொட்டுப் பார்ப்பது குறைகிறது, உறவினரின் பதற்றம் தொல்லையாகத் தெரிகிறது. மருத்துவர் கெட்டவராகிவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தாங்க முடியாத சுமையின் கீழ் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியிலிருந்து பிறக்கும் தொழில்சார் நிலை என்றே விளக்கியது. 2019-இல் செய்யப்பட்ட இந்த வகைப்பாடு முக்கியமானது. நோய் என்றால் நோயாளியைத் தனியே அழைத்துச் சிகிச்சை தருவதோடு கடமை முடிந்துவிடும். பணியிட நிலை என்றால் பணியிடமும் பதில் சொல்ல வேண்டும்.

அளவீட்டில் கவனம் தேவை. 2018-இல் 45 நாடுகளின் 182 ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், அந்த ஆய்வுகளில் பணிச்சோர்வுக்குக் குறைந்தது 142 வரையறைகள் இருந்ததைக் கண்டார்கள். சோர்வுற்ற மருத்துவர்களின் விகிதம் ஓர் ஆய்வில் சுழியம், இன்னொன்றில் 80.5 விழுக்காடு. எனவே இத்தனை விழுக்காடு மருத்துவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று தனித்து நிற்கும் எந்த எண்ணையும் அப்படியே ஏற்கக் கூடாது. ஒரே வினாத்தாளைக் கொண்டு ஒரே நாட்டில் திரும்பத் திரும்ப எடுத்த கணக்கு மட்டும் ஓரளவு நம்பத்தக்கது. டெய்ட் ஷானஃபெல்ட் குழுவினர் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்த கணக்கு அத்தகையது. சோர்வின் ஓர் அறிகுறியேனும் உள்ளவர்கள் 2011-இல் 45.5 விழுக்காடு, 2014-இல் 54.4, 2017-இல் 43.9, 2020-இல் 38.2, கொரோனா உச்சத்தைக் கடந்த 2021-இன் இறுதியில் 62.8, 2023-இல் 45.2. மூன்று ஆண்டுகளுக்குள் 38-லிருந்து 63-க்கு ஏறி மீண்டும் 45-க்கு இறங்கும் ஓர் எண் மருத்துவர்களின் மனஉறுதியை அளக்கவில்லை. மனிதர்களின் குணம் அவ்வளவு வேகமாக ஏறி இறங்காது. மாறியது அவர்கள் வேலை செய்த சூழல்.

நீண்ட டியூட்டி எங்கிருந்து வந்தது

பயிற்சி மருத்துவர் 24 மணி, 36 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1889-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சி முறையில், இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, திருமணம் செய்துகொள்ளாமல், எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருந்தார்கள். ரெசிடென்ட் என்ற பதவிப் பெயர் அந்த ஏற்பாட்டிலிருந்துதான் வந்தது. உலகம் முழுவதும் மேற்படிப்பு மருத்துவக் கல்வி அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டது. ஹால்ஸ்டெட் நவீன அறுவை சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். கொகெய்னை மரப்பு மருந்தாகப் பயன்படுத்தும் சோதனைகளைத் தன் உடலிலேயே செய்து அதற்கு அடிமையானவர், பின்னர் மார்பினுக்கும். உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் எழுதிவைத்த குறிப்பு 1969-இல் வெளியானபோதுதான், புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகளிலும் மார்பின் பழக்கம் ஹால்ஸ்டெட்டை விடவில்லை என்பது பரவலாகத் தெரியவந்தது. வருங்கால மருத்துவர்கள் அனைவருக்கும் முன்மாதிரியான பயிற்சி முறையை வகுத்தவரே, தன் நோயைச் சொல்ல இடமின்றி மறைத்து வாழ்ந்தவர். இந்த உண்மை பாடநூல்களில் இன்னும் அழுத்தமாக இடம்பெற வேண்டும்.

அந்த முறையை முதலில் கேள்விக்கு உள்ளாக்கியது ஒரு நோயாளியின் மரணம். 1984 மார்ச் 4 அன்று இரவு, காய்ச்சலும் நடுக்கமுமாக 18 வயது லிபி ஸயன் நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் ஃபினெல்ஸின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டுவந்தவர். பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள் நடுக்கத்துக்குப் பெத்திடின் ஊசி போட்டார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேரக் கூடாத மருந்துகள். மறுநாள் காலை அவர் இறந்தார். அன்றிரவு அவரைக் கவனித்த முதலாண்டு மருத்துவரின் பொறுப்பில் ஏறத்தாழ 40 நோயாளிகள் இருந்தார்கள். லிபியின் தந்தை சிட்னி ஸயன் பத்திரிகையாளர், விடாமல் போராடினார். விசாரித்த நடுவர் குழு மருத்துவர்கள் மீது குற்றம் சாட்டவில்லை. அவர்களை நீண்ட நேரம் மேற்பார்வையின்றி விட்ட முறையையே கண்டித்தது. மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்ற வரம்பைக் கொண்டுவந்தது. 2003-இல் 80 மணி வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது.

தூக்கமின்மை அறிவை எவ்வளவு மழுங்கடிக்கிறது என்பதற்கு நேரடியான சான்று 1997-இல் கிடைத்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசனும் ரீடும் ஒரே ஆட்களை ஒரு நாள் மது அருந்தச் செய்தும், இன்னொரு நாள் விழித்திருக்கச் செய்தும் அதே சோதனையைச் செய்யவைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைக்கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 விழுக்காடு. இந்தியாவில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடு. அந்த எல்லையைத் தாண்டியவரைக் காவல்துறை வண்டியிலிருந்து இறக்கிவிடுகிறது. அதைவிட மங்கிய மூளையோடு ஒருவர் குழந்தைக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுவதைத் தடுக்க ஏற்பாடு இல்லை.

மருத்துவமனைக்குள்ளேயே நடந்த சோதனைகளும் இதையே காட்டின. 2004-இல் வெளியான ஆய்வில், பாஸ்டன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் முதலாண்டு மருத்துவர்களின் தொடர் டியூட்டியை 16 மணி நேரத்துக்குள் வைத்துப் பார்த்தார் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகன். பழைய முறையில் வேலை செய்தவர்கள் 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள். மறு ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, நீண்ட டியூட்டி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிச் சென்ற பயிற்சி மருத்துவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 2.3 மடங்கு என்று கண்டது.

ஆனால் விஷயம் இத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2011-இல் முதலாண்டு மருத்துவர்களுக்கு 16 மணி நேரத் தொடர் வரம்பை அமெரிக்கா கட்டாயமாக்கியது. அதன்பின் நடந்த இரண்டு பெரிய சோதனைகள், ஒன்று அறுவை சிகிச்சைப் பயிற்சி மையங்கள் 117-இலும் மற்றொன்று பொது மருத்துவப் பயிற்சி மையங்கள் 63-இலும், வரம்பைத் தளர்த்தினாலும் நோயாளிகளின் இறப்பு விகிதம் கூடவில்லை என்று காட்டின. 2017-இல் 16 மணி வரம்பு கைவிடப்பட்டு 24 மணிக்குத் திரும்பியது. காரணம் எளிதில் புரியக்கூடியது. டியூட்டி குறுகும்போது, ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கும் தருணங்கள் பெருகுகின்றன. ஒவ்வோர் ஒப்படைப்பிலும் ஏதோ ஒன்று விடுபடுகிறது. தளர்த்தலை ஆதரித்தவர்கள் இந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதே சோதனைகள் சொன்ன இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை: தளர்ந்த முறையில் இருந்த மருத்துவர்கள் தங்கள் உடல்நலம், ஓய்வு, குடும்பத்தோடு செலவிடும் நேரம் ஆகியவை கெட்டன என்று தெளிவாகப் பதிவுசெய்தார்கள். நோயாளிக்குக் கேடு வரவில்லை என்பதாலேயே மருத்துவருக்கு வரும் கேட்டை ஏற்றுக்கொள்ளலாம் என்பது அறம் சார்ந்த வாதம் ஆகாது. மேலும், ஒப்படைப்பை முறைப்படுத்தக் கற்பிக்கவும் முடியும். ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவப் பிரிவுகளுக்கு ஒப்படைப்புக்கென ஓர் ஒழுங்கு முறையைக் கற்றுத்தந்தபோது தவறுகள் 23 விழுக்காடு குறைந்தன. 2014-இல் வந்த அந்த முடிவு, நீண்ட டியூட்டிக்குச் சொல்லப்படும் முக்கியமான நியாயத்தை வலுவிழக்கச் செய்கிறது.

ஐரோப்பாவும் ஜப்பானும் வேறு வேறு வழியில் சென்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 முதல் பயிற்சி மருத்துவருக்கும் வாரத்துக்குச் சராசரி 48 மணிதான். மருத்துவமனையிலேயே தங்கிக் காத்திருக்கும் நேரத்தில் தூங்கினாலும் அது வேலை நேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. ஜப்பான் 2024 ஏப்ரலில்தான் மருத்துவர்களின் கூடுதல் நேரத்துக்கு உச்சவரம்பு வைத்தது: ஆண்டுக்கு 960 மணி, விதிவிலக்கு பெற்ற மருத்துவமனைகளில் 1,860 மணி.

இந்தியாவின் இரண்டு கணக்குகள்

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி, மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5 அன்று ஓர் உத்தரவை அனுப்பியது. ரெசிடென்ட் மருத்துவரின் தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணியையும் வாரத்துக்கு 48 மணியையும் தாண்டக் கூடாது. சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்பது அதன் சாரம். 30 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட மேற்படிப்பு விதிகளில் எண் மறைந்துவிட்டது. 'நியாயமான வேலை நேரம்' என்ற சொல் மட்டும் எஞ்சியது. எண் இல்லாத விதியை யாரும் மீற முடியாது, யாரும் கேட்டுப் பெறவும் முடியாது.

நடைமுறை என்ன என்பதை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதிலும் காணலாம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் டே. காலையில் தொடங்கும் அந்த டியூட்டி மறுநாள் காலை வரை நீளும். விடிந்ததும் அதே பி.ஜி. மாணவர் இரவில் சேர்ந்த நோயாளிகளைச் சீஃப் ரவுண்ட்ஸில் விவரிக்க வேண்டும். பிறகு கேஸ் ஷீட், ஸ்கேனுக்குச் சொல்லிவைத்தல், டிஸ்சார்ஜ் சம்மரி. வீடோ விடுதியோ போய்ச் சேர மாலையாகும். ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது, ரிப்போர்ட் வாங்கி வருவது போன்ற வேலைகளும் பல இடங்களில் அவர்கள் தலையிலேயே விழுகின்றன. இந்த வேலைகளுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் தேவையில்லை. உதவியாளர் பணியிடங்களை நிரப்பினாலே பயிற்சி மருத்துவரின் வாரத்திலிருந்து பல மணி நேரத்தை மீட்டுவிடலாம். அதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு, பெங்களூரு நிம்ஹான்ஸ் பேராசிரியர் சுரேஷ் பட மத் தலைமையில், 2024-இல் அறிக்கை அளித்தது. 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் அதன் இணையவழிக் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். முதுநிலையில் 45 விழுக்காட்டினர் வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை செய்வதாகச் சொன்னார்கள்; 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வார விடுப்பே இல்லை. தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 விழுக்காடு, முதுநிலையில் 31.2 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் இவற்றை எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. அந்தக் குறையைக் கழித்தாலும், மேற்படிப்புக்குப் போனதும் எண் ஏறத்தாழ இரட்டிப்பாவது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. வாரத்துக்கு 74 மணிக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு, நாளுக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று குழு பரிந்துரைத்தது. 1992-இல் 48, 2024-இல் 74. இடைப்பட்ட 26 மணி நேரம், நடைமுறையைக் கண்டு விதி பின்வாங்கிய தூரம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஓய்வறை, தாழ்ப்பாள் உள்ள கதவு, இரவில் பாதுகாப்பான கழிப்பறை ஆகியவை நலம் பற்றிய பேச்சில் வழக்கமாக இடம்பெறுவதில்லை. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 20 அன்று தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தபோது அவற்றையும் பட்டியலிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மருத்துவமனை வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2008 முதல் உள்ளது. ஆயினும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியறையிலேயே கத்தியால் குத்தப்பட்டார்.

கீழே மருத்துவமனை, மேலே வீடு

பயிற்சிக் காலம் முடிந்தால் சுமை குறையும் என்பது மாணவர்களின் நம்பிக்கை. சுமையின் வடிவம்தான் மாறுகிறது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைகள் ஏராளம். கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மாடியில் வீடு. இரவு 2 மணிக்கு அழைப்பு மணி அடித்தால் இறங்கிவர வேறு ஆள் கிடையாது. அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியே கிளினிக் நடத்த இங்கே அனுமதி உண்டு என்பதால், பகலில் ஓ.பி. பார்த்தவரே மாலை 6 மணிக்கு மேல் இன்னொரு வரிசையைப் பார்க்கிறார். கடன் வாங்கிக் கட்டிய கட்டடம், ஸ்கேன் எந்திரத்தின் மாதத் தவணை, இரண்டு நாள் மூடினால் நோயாளிகள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்களோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து விடுப்பை எட்டாத பொருளாக்குகின்றன. பக்கத்து ஊர்களின் நான்கைந்து மருத்துவர்கள் ஞாயிறுகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இதற்கு நல்ல தீர்வு. போட்டியாளரிடம் தன் நோயாளியை அனுப்பும் நம்பிக்கைதான் அதற்குத் தேவைப்படும் முதலீடு.

ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் நேரம் பற்றி 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி; இந்தியா ஏறத்தாழ 2 நிமிடம். இது நோயாளிக்குச் செய்யப்படும் அநீதியாகவே பேசப்படுகிறது. மருத்துவருக்கும் அது அநீதிதான். 2 நிமிடத்தில் நோயைக் கேட்டு முடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். தான் கற்ற மருத்துவத்தைச் செய்ய முடியாமல் நாள்தோறும் அரைகுறையாக முடித்து அனுப்பும் உறுத்தல் அவருக்குள் சேர்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே வியட்நாம் போர்வீரர்களிடம் கண்ட அறக்காயம் என்ற கருத்தை, 2018-இல் வெண்டி டீனும் சைமன் டால்பட்டும் மருத்துவர்களுக்குப் பொருத்திக் காட்டியது இந்த உறுத்தலை மனத்தில் கொண்டுதான்.

எழுத்து வேலை இன்னொரு சுமை. கிறிஸ்டின் சின்ஸ்கி 2016-இல் நான்கு துறை மருத்துவர்களின் நாளைப் பக்கத்தில் இருந்து அளந்தபோது, நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுக்கும் மேசை வேலைக்கும் போனதைக் கண்டார். அதன் மேல் இரவில் வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குக் கர்ப்பிணிகளின் பிக்மி பதிவு, ஆய்வுக் கூட்ட அறிக்கைகள். தனியார் மருத்துவருக்குக் காப்பீட்டு முன் அனுமதிப் படிவங்கள். தொலைபேசி இவற்றோடு சேர்ந்துகொண்டது. உணவு மேசையில் வாட்ஸ்அப் வழியே வரும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வது வேலையாக எங்கும் கணக்கில் வருவதில்லை.

பெண் மருத்துவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. ஆராய்ச்சியிலும் ஈடுபட்ட இளம் அமெரிக்க மருத்துவர்களிடம் எடுத்து 2014-இல் வெளியான கணக்கில், பிள்ளைகள் உள்ள பெண்கள் ஆண்களைவிட வாரத்துக்கு 8.5 மணி நேரம் கூடுதலாக வீட்டு வேலை செய்தார்கள். இரவு டியூட்டி முடித்து வந்தவர் காலைச் சமையலையும் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இடைவெளி குறைவாக இருக்கும் என்று எண்ணக் காரணமில்லை. இங்கே டியூட்டி பட்டியலை மட்டும் திருத்தினால் போதாது. குடும்பமும் தன் பங்கைத் திருத்த வேண்டும்.

எது பயன் தருகிறது

தியானம், யோகா, மன அழுத்தப் பயிற்சி வகுப்பு ஆகியவற்றைத்தான் நிர்வாகங்கள் முதலில் நாடுகின்றன, செலவு குறைவு. அவற்றால் பயனே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் 52 ஆய்வுகளைத் தொகுத்த காலின் வெஸ்ட், தலையீடுகளால் சோர்வுற்றோர் விகிதம் 54-லிருந்து 44 விழுக்காட்டுக்கு இறங்குவதைக் கண்டார். மறு ஆண்டு மரியா பனாகியோட்டியின் தொகுப்பு ஒரு படி மேலே சென்றது: தனிமனிதரை மாற்ற முயன்ற திட்டங்களைவிட, வேலை நேரத்தையும் வேலைமுறையையும் மாற்றிய நிறுவனத் திட்டங்கள் கூடுதல் பலன் தந்தன. 30 மணி நேர டியூட்டி முடித்தவரை மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு வரச் சொல்வது, அவருக்கு மிஞ்சியிருக்கும் தூக்கத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்வதுதான்.

இரண்டு முடிவுகள் தனிக் கவனத்துக்கு உரியவை. மேயோ கிளினிக்கில் மருத்துவர்கள் சிறு குழுக்களாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடித் தங்கள் வேலையைப் பற்றிப் பேச, சம்பளத்தோடு ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ஒன்பது மாதம் நடந்த அந்தச் சோதனையில் நோயாளியிடமிருந்து விலகும் மனநிலை குறைந்தது. பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. லண்டனில் மைக்கேல் பாலிண்ட் 1950-களில் பொது மருத்துவர்களை வாராவாரம் கூட்டி, கடினமான நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்த முறையின் தொடர்ச்சியே இது. சம்பளத்தோடு என்பது இங்கே சிறு விவரம் இல்லை. பேசுவதற்கான நேரம் வேலை நேரத்திலிருந்தே வந்தது.

மற்றொன்று, 2009-இல் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் பொது மருத்துவர்களிடம் கண்டது. தனக்கு மிகவும் பிடித்த பணியில், அது கற்பித்தலோ ஆராய்ச்சியோ ஒரு குறிப்பிட்ட நோயோ எதுவாயினும், தன் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது செலவிட்டவர்களில் சோர்வுற்றோர் 29.9 விழுக்காடு, அதற்கும் குறைவாகச் செலவிட்டவர்களில் 53.8. வாரத்தில் ஒரு நாள் போல வரும் அந்த ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கித்தரப் பெரும்பாலான துறைத் தலைவர்களால் முடியும். வேலையைக் குறைப்பது மட்டுமே நலம் ஆகாது. பொருளுள்ள வேலைக்கு இடம் தருவதும் நலம்தான் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

மருத்துவர் நோயாளியாகும்போது

மருத்துவர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்து எழுதிக்கொள்வதும், நோயை மறைப்பதும், சக மருத்துவரிடம் நடைபாதையில் நின்றபடி ஆலோசனை கேட்பதோடு நிறுத்திக்கொள்வதும் எல்லா நாடுகளிலும் உள்ள பழக்கம். மனநோய் என்றால் மறைப்பு இன்னும் இறுகுகிறது. 20 நாடுகளின் 39 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வந்த ஆய்வின்படி, ஆண் மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொது மக்களின் விகிதத்துக்கு ஏறத்தாழச் சமம். பெண் மருத்துவர்களில் 1.76 மடங்கு. காலப்போக்கில் இரு பாலரிலும் அது குறைந்துவந்திருப்பது ஆறுதல் தருகிறது. குறைக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2020 ஏப்ரலில் கொரோனா முதல் அலையின்போது, நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்த மருத்துவர் லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்டார். மனநலச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் கூறினார்கள். அவர் பெயரால் 2022 மார்ச் 18 அன்று சட்டம் ஒன்று அமெரிக்காவில் கையெழுத்தானது. மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கு நிதி ஒதுக்கியது. உரிமப் படிவங்களில் பழைய மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்கும் கேள்விகளை நீக்கும் இயக்கமும் வலுப்பெற்றது.

நார்வேயில் 1998 முதல் மருத்துவர்களுக்கென்றே வில்லா சனா என்ற மையம் இயங்குகிறது. ஒரு நாள் தனி ஆலோசனை அல்லது ஒரு வாரக் குழு ஆலோசனை; அது சிகிச்சை என்று பெயரிடப்படுவதில்லை, ஆகவே தயக்கம் குறைகிறது. அங்கே வந்து சென்றவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முழு நேர நோய் விடுப்பில் இருந்தோர் 35 விழுக்காட்டிலிருந்து 6 ஆகக் குறைந்திருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் வேலை நேரத்தையும் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, ஆலோசனை கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் டியூட்டி பட்டியல்தான். நாட்டின் மிகப் பழைய மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றான, 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி உள்ள தமிழ்நாட்டில் அத்தகைய மையம் ஒன்றை அமைப்பது எட்டாத காரியம் இல்லை.

உலக மருத்துவச் சங்கம் 2017 அக்டோபரில் சிகாகோவில் கூடி ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, நோயாளிக்கு மிகச் சிறந்த சிகிச்சை தரும் பொருட்டு மருத்துவர் தன் உடல்நலத்தையும் நலவாழ்வையும் திறனையும் பேணுவார் என்ற உறுதி முதன்முறையாகச் சேர்ந்தது. அந்த உறுதியைக் காப்பாற்றும் வசதி மருத்துவர் கையில் மட்டும் இல்லை. மருத்துவமனை நிர்வாகிகளும் துறைத் தலைவர்களும் அரசும் முதலில் செய்ய வேண்டியது 1992-இன் எண்ணை மீண்டும் விதியில் எழுதி, அதற்கேற்ற பணியிடங்களை நிரப்புவது. அது நடக்கும் வரை, தூக்கம் கெட்டு மனம் தளர்ந்திருக்கும் எந்த மருத்துவரும், மருத்துவ மாணவரும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை நாளின் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம்.